இடது பக்கத்துப் பாட்டில்

என் மனைவி டாக்டர். ஆனால் காய்ச்சல், தலைவலி என்று யாரும் அவளிடம் போய் நிற்க முடியாது. நின்றவர்கள் உண்டு. நாங்கள் குடிவந்த புதிதில் கீழ்வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "நான் அந்த டாக்டர் இல்லீங்க. என் நோயாளிங்க எல்லாம் குடுவைக்குள்ள இருக்காங்க" என்றாள் இவள். அவர் நம்பவில்லை. படித்த திமிர் என்று முணுமுணுத்தபடியே படியிறங்கினார். என் மாமியாருக்கும் கடைசிவரை அந்தக் குறை இருந்தது. "பொண்ணு டாக்டர்தான், ஒரு ஊசி போடத் தெரியாது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவள் வேலை ரத்தப் புற்றுநோய் செல்களோடு. இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே கேள்விதான். ஆரம்பத்தில் நன்றாகக் கேட்ட மருந்து, நாலு வருஷம் கழித்து ஏன் கேட்காமல் போகிறது? அதே மாத்திரை, அதே ஆள், அதே நோய். ஒருநாள் அந்த நோய்க்குத் தோல் தடித்துவிடுகிறது. ஏன்? இதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் பெரிய விஷயமில்லை. ஒரு பத்திரிகைக்காரர் வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த நோய் வந்துச்சுங்களா?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல. நான் வேலை செய்யறதுக்கு யாராவது சாகணுமா?" என்று கேட்டாள். பேட்டி வெளிவரவே இல்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல், இரண்டு கார். என் இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஒரு நாளைக்கு ஆறு பேர் என்னைக் கொல்லப் பார்ப்பார்கள், நான் அந்த பிரேக்கை மிதித்து உயிரோடு வீடு வந்து சேருவேன். இருபத்தாறு வருஷம், பாடம் நடக்கும்போது என் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை நான் அடிக்கடி சொல்வேன் என்று அவள் சொல்வாள். சொன்னால் என்ன தப்பு?

அவளுடைய ஆய்வகம் மூன்றாவது மாடி. வராந்தாவின் கோடியில் செல்களை வளர்க்கும் சின்ன அறை. அதற்கு ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். உள்ளே சுத்தமான காற்று வீசும் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கைகளை மட்டும் விட்டு வேலை செய்ய வேண்டும். பக்கத்தில் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டர், அதற்குக் கரியமிலவாயு தரும், சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டிய காஸ் சிலிண்டர். செல்கள் மருந்துக்கடை பாட்டில் அளவுக்குத் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில், வெளிர்சிவப்பு நீரில் இருக்கும். அந்த நீர்தான் சாப்பாடு. செல்கள் தின்று வளர வளர நீர் மஞ்சளாகும். இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை புது நீர் ஊற்ற வேண்டும். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அதனால் எங்களுக்கும் கிடையாது. கல்யாணத்துக்குப் போகும் வழியில், பட்டுப்புடவையோடு, "அஞ்சு நிமிஷம், இதோ வந்துடறேன்" என்று இறங்கிப் போவாள். முக்கால் மணி நேரம் நான் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருப்பேன். தாலி கட்டும்போது நாங்கள் இருந்த கல்யாணங்கள் குறைவு.

அவளிடம் இரண்டு முக்கியமான குடுவைகள் இருந்தன. ஒன்றில், மருந்து பட்டால் செத்துப்போகும் சாதாரண செல்கள். அதற்கு நான் வைத்த பெயர் சாது. இன்னொன்று, அதே செல்களைப் பழக்கி எடுத்தது. முதலில் மருந்தைத் துளி கலந்தாள். பெரும்பாலும் செத்து, மிச்சம் பிழைத்தது. பிழைத்ததற்கு இன்னும் கொஞ்சம். குழந்தைக்குக் காரம் பழக்குவது போலப் பதினாலு மாதம். கடைசியில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் கொழுகொழுவென்று வளரும் ஒரு கூட்டம் கிடைத்தது. அது முரடன். முரடனுக்கு மருந்து கலந்த நீர், சாதுவுக்கு மருந்தில்லாத நீர். இரண்டு நீரும் ஒரே நிறம். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. முரடன் எதனால் முரடனானான் என்று கண்டுபிடிக்க அவள் ஆறு வருஷம் மல்லுக்கட்டினாள். பிடி கிடைக்கவில்லை. துறைத்தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்த ஆய்வுக்கூட்டத்தில் உருப்படியாக எதுவும் காட்டாவிட்டால் இந்தத் திட்டத்தை மூடிவிட்டு, அவளைத் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லிவிட்டார். கூட்டத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் இடறி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. அந்தக் கட்டோடு செல் அறைக்குள் போகக் கூடாது, தூள் உதிரும், தூளில் பூஞ்சை வரும். வேலை நாட்களில் அவளுடைய உதவியாளர் பெண் பார்த்துக்கொண்டாள். அதோடு விட்டதா? கட்டடத்தில் வயரிங் மாற்றுகிறோம், ஐந்து நாள் எல்லா ஆய்வகமும் மூடல் என்று அறிவிப்பு வந்தது. இன்குபேட்டர்கள் மட்டும் ஜெனரேட்டரில் ஓடும். உதவியாளர் பெண் ஊருக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை யாராவது ஊற்றியே ஆக வேண்டும்.

"நீங்க வாங்க" என்றாள் என்னிடம்.

"நானா? எனக்கு டீ போடவே தெரியாதுன்னு சொல்லுவியே?"

"டீக்கு ருசி வேணும். இதுக்கு சொன்னதைக் கேட்டா போதும்."

துறைத்தலைவரிடம் போனில் கேட்டாள். "நான் எதையும் பாக்கல, எதையும் கேக்கல" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஏற்பட்ட அவமானத்தை என்னிடம் கார் பழகிய அத்தனை பேரும் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார்கள். வெள்ளைக் கோட்டு, இரண்டு ஜோடி கையுறை. என் போன் உள்ளே மேசை மேல் ஸ்பீக்கரில் கிடந்தது. அவள் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வராந்தாவில் நின்று, காதில் போனை வைத்துக்கொண்டு உத்தரவு போட்டாள். "மெதுவா... மெதுவான்னா மெதுவா! கையைத் தூக்காதீங்க. மூடியைக் கவுத்து வைக்காதீங்க. ஐயோ, மூச்சு விடாதீங்க அதுமேல!" நான் ஒருவரையும் இப்படித் திட்டியதில்லை. திட்டியிருக்கிறேன், ஆனால் இவ்வளவு இல்லை.

நீர் பாட்டில்கள் இரண்டும் ஜன்னலை ஒட்டிய மேசை மேல், இவள் ஜன்னல் வழியாகப் பார்த்து வைக்கச் சொன்ன வரிசையில் இருந்தன. உதவியாளர் பெண் கலந்து வைத்துவிட்டுப் போனவை. பெயரை மட்டும் நான்தான் எழுதுவேன் என்று இவள் பிடிவாதம் பிடித்து, இடது கையால் கோணல்மாணலாகத் தேதியும், ஒன்றில் கூட்டல் குறியும் இன்னொன்றில் கழித்தல் குறியும் போட்டிருந்தாள். கூட்டல் என்றால் மருந்து உண்டு. "எதை உள்ள கொண்டுபோனாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைங்க" என்றாள். துடைப்பதில் நான் கெட்டிக்காரன். காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் கை. அழுத்தித் தேய்த்தேன். துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்துப் பார்த்தால் பாட்டில் இரண்டும் பளபளவென்று இருந்தன. எழுத்து முழுவதும் துணியில் இருந்தது.

அவள் போனில் பேசிக்கொண்டே ஏதோ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. எழுத்து அழிந்துவிட்டது என்று சொன்னால் அன்றைக்கு என் கதி என்ன? நாசூக்காகக் கேட்டேன்.

"மருந்து கலந்தது எதும்மா?"

அவள் நிமிர்ந்து மேசையைப் பார்த்தாள். நான் அக்கறையாக ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறேன் என்று அவளுக்குச் சந்தோஷம்கூட.

"இடது பக்கம் இருக்கறது. அது முரடனுக்கு."

இடது பக்கம் இருந்ததை எடுத்து முரடனுக்கு ஊற்றினேன். மற்றதைச் சாதுவுக்கு. காலி பாட்டில்களைச் சொன்னபடி நீராவியில் அவிக்கும் தொட்டியில் போட்டேன். வெளியே வந்ததும், "லேபிளைப் பாத்துத்தானே ஊத்தினீங்க?" என்றாள்.

"பின்ன?" என்றேன்.

அன்றைக்கு இவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஒரே வார்த்தை.

புதன்கிழமை ஆய்வகம் திறந்தது. உதவியாளர் பெண் போன் செய்து அழுதாள். இரண்டு குடுவையிலும் நீர் மஞ்சளாகாமல் அப்படியே சிவப்பாக இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உடைந்த குருணை மாதிரிக் கிடக்கிறது. சாதுவும் போச்சு, முரடனும் போச்சு. காஸ் சிலிண்டரும் காலியாகியிருந்தது. எப்போது காலியானது என்று யாருக்கும் தெரியாது.

துறைத்தலைவருக்கு விஷயம் முடிந்துபோயிற்று. காஸ் தீர்ந்தது, செல் செத்தது, திட்டமும் முடிந்தது. செல்களை உறைய வைத்துச் சேமிக்கும் நைட்ரஜன் தொட்டியில் முரடன் மூன்றே மூன்று குப்பி உறைந்து கிடந்தான். அதை வேறு நிறுவனம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது, கொடுத்துவிடலாம் என்றார்.

இவளுக்கு மட்டும் உறுத்தல். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இடது கையால் தட்டில் கோலம் போட்டுக்கொண்டே சொன்னாள். "காஸ் தீந்துச்சு, சரி. அதே இன்குபேட்டர்ல மத்தவங்க குடுவை பதினெட்டு இருக்கு. எல்லாம் வாடிப்போச்சு, ஒண்ணும் சாகல. என்னோடது ரெண்டும் மட்டும் எப்படிச் செத்துச்சு?" பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாத்தி ஊத்திட்டீங்களா?"

"நானா?"

"கோபப்படாதீங்க. மாத்தி ஊத்தியிருந்தா சாது செத்ததுக்குக் காரணம் இருக்கு. அவனுக்கு மருந்து போயிருக்கும். ஆனா முரடன்? அவனுக்கு மருந்தில்லாத தண்ணி போயிருக்கும். அவன் குஷியா வளந்திருக்கணும். அவன் ஏன் செத்தான்?" தட்டில் அவள் விரல் நின்றது. "மருந்து இல்லாததாலேயே செத்திருந்தா? அப்படி ஒண்ணு இருந்தா, என்னங்க, அது பெரிய விஷயம். நிஜமா சொல்லுங்க, மாத்தி ஊத்தினீங்களா?"

நான் எகிறினேன். இருபத்தாறு வருஷம், ஒரு கீறல் இல்லை, நீ சொன்ன இடது பாட்டிலைத்தான் எடுத்தேன், லேபிளில் கூட்டல் குறி இருந்தது, என்னை என்ன கண் தெரியாதவன் என்று நினைத்தாயா என்று ஒரு மூச்சுக் கத்தித் தீர்த்தேன். லேபிளைப் பற்றித்தான் பொய். பாட்டிலைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் சொன்ன இடது, நான் எடுத்த இடது. அதனால் என் மனசாட்சியும் என்னோடு சேர்ந்து கத்தியது.

அவள் நம்பிவிட்டாள். அதுதான் வேதனை. இரண்டு நாள் கழித்து நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே துறைத்தலைவரோடு பேசுவது காதில் விழுந்தது. "இல்லீங்க, மாறியிருக்கும்னு நானும் யோசிச்சேன். ஆனா அவர் லேபிளைப் படிச்சுத்தான் ஊத்தியிருக்கார். அவர் பொய் சொல்ல மாட்டாரு... சரிங்க. குப்பியைக் குடுத்துடலாம்." அந்த ஈரச் சட்டையை எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. தண்ணீர் சொட்டிக் கால் நனைந்திருந்தது. அப்போதும் உள்ளே போய்ச் சொல்லவில்லை. என் யோக்கியதை அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஒரு வங்கி அதிகாரிக்குப் பாடம். மைதானத்தில் வண்டியை நிறுத்தப் பழக்கிக்கொண்டிருந்தேன். நான் இறங்கிப்போய்க் காருக்கு முன்னால் அவரைப் பார்த்து நின்று, "இடது... இன்னும் இடது" என்று கையை ஆட்டினேன். அவர் எனக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, நட்டுவைத்திருந்த கம்பத்தின் மேல் ஏற்றிவிட்டார். முன்பக்கம் நசுங்கியது. இருபத்தாறு வருஷத்தில் முதல் கீறல்.

"யோவ், இடதுன்னு சொன்னேனே!"

"சார், இது என்னோட இடது! நீங்க என்னைப் பாத்து நிக்கிறீங்க!"

என் வேலை முழுக்கக் காருக்குள். அங்கே இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம், இரண்டு பேருக்கும் ஒரே இடது. வெளியே இறங்கி நின்று வழிகாட்டுவது எப்போதாவதுதான். அன்றைக்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் இடது எனக்கு எது?

"நகருங்க" என்று வங்கி அதிகாரியைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு நானே ஓட்டினேன். எங்கே போகிறோம் என்று அவர் மூன்று முறை கேட்டார். ஆய்வக வாசலில் அவரை வண்டியோடு விட்டுவிட்டு மூன்று மாடி ஓடினேன். அவள் குப்பிகளை அனுப்புவதற்கான படிவத்தை இடது கையால் நிரப்பிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். எழுத்து அழிந்ததை, படித்தேன் என்று புளுகியதை, இடதை.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று பார்த்தேன். அவள் எழுந்து என்னைச் செல் அறைக்குள் தள்ளி, மேசையில் இரண்டு காலி பாட்டிலை வைக்கச் சொல்லி, தான் வராந்தாவில் நின்று, "எடுங்க" என்றாள். எடுத்தேன். "அதையா எடுத்தீங்க? அந்தக் கையாலயா?" என்றாள். மூன்று முறை எடுக்க வைத்தாள். பிறகு கதவைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புதானே பண்ணினீங்க? நிச்சயமா தப்புதானே?"

"தப்புதான்மா."

"அப்பாடா!" என்றாள். கண்ணில் தண்ணீர். அடுத்த நிமிஷமே கையை உதறினாள். "ஒன்பது நாள் என்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. அதுக்கு வீட்ல வந்து பேசறேன்." பேசினாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் துறைத்தலைவர் அறைக்குப் போனாள். அவர் மசியவில்லை. மூன்று குப்பியில் ஒன்றை ஒரு டிரைவரின் குளறுபடியை நம்பி வீணாக்குவதா என்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஒரே குப்பி. கூட்டத்தை அஞ்சு வாரம் தள்ளி வையுங்க. நான் சொன்னது நடக்கலைன்னா திட்டத்தை மூடற கடிதத்தை நானே எழுதிக் குடுக்கறேன். தரப் பரிசோதனைக்கும் வாயைத் திறக்காமப் போறேன்." அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். அவள் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. சரி என்றார்.

உறைந்த முரடனை உருக்கி வளர்க்க நாலு வாரம் ஆயிற்று. அதற்குள் மாவுக்கட்டும் பிரிந்தது. ஒரே கூட்டத்தை இரண்டு குடுவையாகப் பிரித்து, ஒன்றுக்கு வழக்கம்போல மருந்து, இன்னொன்றுக்கு வெறும் நீர். லேபிளை இந்த முறை பேனாவால் எழுதாமல் அச்சடித்து ஒட்டினாள். நாலாவது நாள் பார்த்தால், விஷத்தில் இருந்தவன் மஞ்சளாகக் கொழித்துக்கொண்டிருந்தான். நிம்மதியாக வாழ வேண்டியவன் சிவப்பு நீரில் குருணையாகக் கிடந்தான். அவள் துள்ளிக் குதிக்கவில்லை. "இன்னும் ரெண்டு தடவை" என்றாள். இன்னும் இரண்டு தடவையும் அப்படியே நடந்தது. ஆய்வுக்கூட்டத்தில் திட்டம் பிழைத்தது.

அவள் எனக்குப் படம் போட்டு விளக்கியதை நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். சில மாணவர்கள் பயத்தில் இடைவிடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பார்கள். வண்டி நகர வேண்டுமே, அதனால் ஆக்சிலரேட்டரையும் போட்டு அழுத்துவார்கள். வண்டி முக்கி முனகிப் போகும். அந்த நேரத்தில் சட்டென்று பிரேக்கை எடுத்தால் வண்டி பாய்ந்து சுவரில் மோதும். மருந்துதான் பிரேக். முரடன் அதைச் சமாளிக்க ஆக்சிலரேட்டரை அடிமட்டம் வரை மிதித்துப் பழகிவிட்டான். மருந்தை எடுத்தால் தன் வேகத்திலேயே சாகிறான். "கிட்டத்தட்ட சரி" என்றாள் அவள். அவளிடம் அது பெரிய பாராட்டு.

இத்தோடு ஊரே அவளைக் கொண்டாடியது என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஏழு வருஷம். கட்டுரை இரண்டு இதழ்களிலிருந்து திரும்பி வந்தது. குடுவையில் நடந்தது மனிதனுக்குள் நடக்குமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான் என்று அவளே சொன்னாள். ரத்த நோய் மருத்துவர் ஒருவரைப் பிடித்து, மருந்து கேட்காமல் போன பதினோரு நோயாளிகளின் ரத்தத்தை, அவர்கள் சம்மதத்தோடு வாங்கிச் சோதித்தாள். நாலு பேருடைய செல்கள்தான் முரடன் மாதிரிச் செத்தன. ஏழு பேருடையது அசையவே இல்லை. "பதினொண்ணுல நாலு" என்று அவள் எந்தக் கூட்டத்திலும் ஏழையும் சேர்த்தே சொன்னாள். கட்டுரை வெளிவந்தபோது அதில் ஒரு வரி: பயிற்சியற்ற ஒருவர் நீர் பாட்டில்களைத் தவறுதலாக மாற்றி ஊற்றியதிலிருந்து இது தெரிய வந்தது. பயிற்சியற்ற ஒருவர்! நாலாயிரம் பேருக்குப் பயிற்சி கொடுத்தவன் நான்.

செய்தி ஒரு நாளிதழில் அரைகுறையாக வந்தது. அதைப் படித்துவிட்டு ஒருவர் தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு, பெருமையாக அவளுக்குப் போன் செய்தார். என் மனைவி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "உங்க செல்லை யாரு சோதிச்சுப் பாத்தா? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? போனை வைங்க, மாத்திரையைப் போடுங்க, இப்பவே உங்க டாக்டர்கிட்ட போங்க!" ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, போனாரா என்று விசாரித்தாள்.

மருத்துவர் ஒத்துக்கொள்ள ஒன்றரை வருஷம், மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு வருஷம். கடைசியில் ஒரே ஒரு நோயாளிக்கு முயலலாம் என்றார்கள். புத்தக பைண்டிங் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். மூன்று மருந்தும் கேட்கவில்லை, நாலாவது கிடையாது. அவர் செல்கள் அந்த நாலில் ஒன்று. பன்னிரண்டு நாள் மருந்தை நிறுத்தி, தினமும் ரத்தம் பார்த்து, மறுபடி தொடங்குவது என்று திட்டம். படிவத்தை நீட்டியபோது அந்த அம்மாள் கையெழுத்துப் போடவில்லை. இதைக் கண்டுபிடித்தவரை நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக என் மனைவி ஒரு நோயாளியைப் பார்க்கப் போனாள். காரில் போகும்போது கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். மருத்துவர் வாசலிலேயே தடுத்து, "அந்த பாட்டில் கதையெல்லாம் வேண்டாம், பயந்துடுவாங்க" என்றார். "அவங்க உயிருங்க. அவங்களுக்குத் தெரியாம எப்படி?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த அம்மாள் மெலிந்து, தலையில் துணி கட்டியிருந்தார். விரல் நுனிகளில் பசை காய்ந்த தடம் இன்னும் இருந்தது.

"மருந்து சாப்பிடச் சொல்றவங்களைப் பாத்திருக்கேன். நிறுத்தச் சொல்றவங்களை இப்பதான் பாக்கறேன். எப்படி டாக்டரம்மா கண்டுபிடிச்சீங்க?"

"நான் கண்டுபிடிக்கலம்மா. இவர் பாட்டிலை மாத்தி ஊத்திட்டார்."

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, நிஜமாவா?"

"நிஜம்தாம்மா. தப்பு என்னோடது. ஒன்பது நாள் ஒத்துக்கவும் இல்ல."

"ஆம்பளைங்களுக்கு ஒன்பது நாள் கொறைச்சல்தான்" என்றார் அவர். சிரிக்க முயன்று இருமினார். பிறகு என் மனைவியிடம், "இது பலிக்கலைன்னா?" என்று கேட்டார்.

"பலிக்காமலும் போகலாம். உங்க செல்லு குடுவையில எப்படிச் செத்துச்சுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். அதை ஆறு தடவை பாத்தேன். உங்களுக்குள்ள என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதும்மா."

அந்த அம்மாள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். பேனாவைக் குடுங்க" என்றார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் என் மனைவி சாப்பிட்டது கணக்கில் சேராது. மூன்றாம் நாள் ரத்தத்தில் கெட்ட செல்கள் கொஞ்சம் ஏறின. ஐந்தாம் நாள் இன்னும் ஏறின. மருத்துவர் இந்த முயற்சியை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். முன்கூட்டியே எழுதி வைத்திருந்த எல்லையை இன்னும் தாண்டவில்லை, அதுவரை பொறுங்கள் என்றாள். போனை வைத்த பிறகு கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். "நான் சாகடிச்சுட்டேனோ?" என்றாள் வெளியே வந்து. எனக்கும் பயமாக இருந்தது, அதையே சொன்னேன்.

ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. குடுவைகளுக்கு ஊற்றும் நாள். பாட்டில் விவகாரத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் அவள் என்னை விட்டதில்லை. வராந்தாவில் ஜன்னலுக்கு வெளியேதான் என் இடம். அவள் போன் என் கையில் இருந்தது. மருத்துவர் கூப்பிட்டார். ஸ்பீக்கரைப் போட்டுக் கதவை ஒருக்களித்துப் பிடித்தேன்.

"கெட்ட செல் நேத்து இருந்ததுல பாதிகூட இல்லம்மா. இறங்கிடுச்சு."

அவள் கைகளைப் பெட்டிக்குள்ளிருந்து எடுக்காமலேயே, "மறுபடி எண்ணினீங்களா?" என்றாள்.

"ரெண்டு தடவை. ரெண்டு பேர் தனித்தனியா."

"சரிங்க" என்றாள். "நாளைக்கும் எண்ணுங்க. பன்னெண்டு நாள் முடியட்டும், அதுக்கப்புறம் பேசலாம்." அவ்வளவுதான். அடுத்த குடுவையை எடுத்தாள். மூடியைத் திருகப் போனாள். கை நிற்கவில்லை. எலும்பு உடைந்தபோதுகூட நடுங்காத கை அது. மூடி குடுவை வாயில் பட்டு டக்டக்கென்று சத்தம் போட்டது. குடுவையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என்னங்க, உள்ள வாங்க. கை நிக்க மாட்டேங்குது. நீங்க ஊத்துங்க."

கோட்டு, இரண்டு ஜோடி கையுறை. அவள் ஸ்டூலை எனக்கு விட்டுவிட்டு, இந்த முறை வெளியே போகாமல் என் தோளுக்குப் பக்கத்தில், நான் பார்க்கும் பக்கமே பார்த்து நின்றாள். பாட்டில்களை ஸ்பிரிட் போட்டு மெல்ல ஒற்றினேன். அச்சடித்த லேபிள் அழியவில்லை. இருந்தாலும் சத்தமாகப் படித்தேன். படித்துவிட்டும் கேட்டேன்.

"முரடனுக்கு எதும்மா?"

"இடது பக்கம்."

"யாரோட இடது?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே இடதுதான். ஊத்துங்க."